வீட்டுக் கோழியைத் தொடாத நாய், பக்கத்து வீட்டுக் கோழியை ஏன் துரத்துகிறது?

நாயும் கோழியும் சேர்ந்து இருக்கிற வீடுகளில் அடிக்கடி கேட்கிற பேச்சு இது: "எங்க மணி, நம்ம கோழி அவன் முதுகுல ஏறி நின்னாலும் கண்டுக்க மாட்டான். ஆனா எதிர்வீட்டுக் கோழி வேலிக்குள்ள தலையை நீட்டுச்சுன்னா அவ்வளவுதான்." நாய் நன்றியுள்ள பிராணி, நம்ம சொத்து எது, அடுத்தவன் சொத்து எது என்று அதற்குத் தெரியும் என்பதுதான் ஊரில் இதற்குச் சொல்கிற காரணம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் நாய்க்குப் பட்டா சிட்டா எல்லாம் தெரியாது. வேறு இரண்டு விஷயங்கள் இதற்குள் இருக்கின்றன. ஒன்று, நாயின் உடம்புக்குள்ளேயே ஊறிக்கிடக்கிற வேட்டை வரிசை. இன்னொன்று, அது குட்டியாக இருந்தபோது யாரோடு வளர்ந்தது என்பது. இந்த இரண்டும் புரிந்துவிட்டால், புதிதாகக் கோழி வாங்கப் போகிறவர்களும் கோழி இருக்கிற வீட்டுக்கு நாய்க்குட்டி கொண்டுவரப் போகிறவர்களும் பாதி இழப்பைத் தவிர்த்துவிடலாம்.

வேட்டை வரிசை என்றால் என்ன

நாய் ஓர் இரையைப் பிடிப்பது ஒரே செயல் மாதிரி நமக்குத் தெரிகிறது. கவனித்துப் பார்த்தால் அது பல துண்டுகளாக இருக்கும். முதலில் ஏதோ அசைவதைக் கவனித்துத் தலையைத் திருப்பும். அப்புறம் உற்றுப் பார்க்கும், பதுங்கிப் பதுங்கிப் போகும், துரத்தும், கவ்வும், கடித்து உதறிக் கொல்லும், கிழிக்கும், கடைசியில் தின்னும். ஓநாயிடம் இந்த வரிசை முழுசாக இருக்கிறது, அதற்கு அதுதான் சாப்பாடு. நாயிடம் இது உடைந்தும் குறைந்தும் சில இடங்களில் பெரிதாகியும் கிடக்கிறது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் ஹாம்ஷயர் கல்லூரியில் இருந்த ரேமண்ட் காப்பிங்கரும் அவர் மனைவி லோர்னாவும் 1970களின் பிற்பகுதியிலிருந்து, ஐரோப்பாவிலிருந்தும் துருக்கியிலிருந்தும் ஆட்டுக்காவல் நாய்களைக் கொண்டுவந்து விவசாயிகளிடம் கொடுத்து, அவை எப்படி வளர்கின்றன என்று பல வருடம் பார்த்தார்கள். ஒரு நாய்க்கும் இன்னொரு நாய்க்கும் இருக்கிற குண வித்தியாசத்தில் பெரும்பகுதியை இந்த வரிசையை வைத்தே விளக்கலாம் என்பது அவர்கள் வாதம்.

இதில் புதியவர்கள் தவறவிடுகிற இடம் ஒன்று உண்டு. வரிசையின் ஒவ்வொரு துண்டும் நாய்க்குத் தனித்தனியாகவே சுகம். துரத்துவது தின்பதற்காக என்று நாம் நினைத்துக்கொள்கிறோம், ஆனால் துரத்துவதே அதற்குப் பரிசு. அதனால்தான் காலையில் வயிறு முட்டத் தயிர்சாதம் தின்ற நாய், அரை மணி நேரத்தில் கோழியைத் துரத்திப் பிடித்துப் போட்டுவிட்டு, வாயில் ஒரு இறகைக்கூட மெல்லாமல் வாலாட்டிக்கொண்டு நிற்கிறது. "தின்னவாவது தின்னுச்சா, சும்மா கொன்னு போட்டுருச்சே" என்று வீட்டில் புலம்புவார்கள். அது துரத்தியது, கவ்வியது, உதறியது, அதோடு அதன் வரிசை முடிந்துவிட்டது. நாய்க்குட்டி செருப்பைக் கவ்வி இரண்டு பக்கமும் உதறுவதைப் பார்த்து நாம் சிரிக்கிறோமே, அதுவும் இந்த வரிசையில் ஒரு துண்டுதான், கொல்கிற கடிக்கு அடுத்து வரும் உதறல். கோழியின் கழுத்துக்கு அந்த உதறல் ஒன்று போதும்.

அதனால் நன்றாகச் சாப்பாடு போட்டால் கோழியைத் தொடாது என்ற நம்பிக்கையை முதலில் விட்டுவிட வேண்டும். பட்டினி கிடக்கிற நாய் கூடுதல் ஆபத்து, உண்மைதான். ஆனால் சோறு என்பது கோழிக்குப் பாதுகாப்பு ஆகாது.

எந்த நாய், எவ்வளவு ஆபத்து

மனிதன் நாய்களை ஆயிரக்கணக்கான வருடம் தேர்ந்தெடுத்து வளர்த்ததில், ரேடியோவில் சத்தத்தைக் கூட்டிக் குறைப்பதுபோல இந்த வரிசையின் சில துண்டுகளைக் கூட்டியும் சிலவற்றைக் குறைத்தும் விட்டிருக்கிறான். பார்டர் காலி என்கிற ஆடு மேய்க்கும் நாயிடம் உற்றுப் பார்ப்பதும் பதுங்குவதும் துரத்துவதும் உச்சத்தில் இருக்கும், கடி மட்டும் அடங்கியிருக்கும். லேப்ரடாரிடம் கவ்வுவது பெரிது, ஆனால் சுட்ட பறவையைச் சேதமில்லாமல் எடுத்துவர வேண்டியதால் வாய் மென்மை. (மென்மை என்றாலும் கோழிக்குஞ்சுக்கு அது போதாது. லேப்ரடார் குட்டி குஞ்சை வாயில் வைத்துக்கொண்டு பெருமையாக வந்து நிற்கும், எடுத்துப் பார்த்தால் குஞ்சு போயிருக்கும்.) டேஷ்ஹண்டைக் குள்ளமாக, பாவமாக இருக்கிறது என்று கோழியோடு விடுகிறவர்கள் உண்டு. வளைக்குள் புகுந்து வளைக்கரடியை (பேட்ஜர்) பிடிப்பதற்காக ஜெர்மனியில் உருவான நாய் அது, கோழிக்கூண்டுக்கு அடியில் தோண்ட அதற்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஹஸ்கியைப் பற்றி ஒரே வரி: கோழி இருக்கிற வீட்டுக்கு வேண்டாம்.

நம்மூர் நாய்களுக்கு வருவோம். சிப்பிப்பாறையும் கன்னியும் விருதுநகர், தூத்துக்குடி, கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசல்காட்டில் முயல் பிடிக்க வளர்த்த நாய்கள். கண்ணால் பார்த்து, ஓடி, பிடிக்கிற வகை. எட்டத்தில் சின்னதாக ஒன்று வேகமாக ஓடினால் மூளைக்கு முன்னால் கால் கிளம்பிவிடும். 1972ஆம் வருட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு முயல்வேட்டை குற்றம், ஆனால் நாயின் காலுக்கு அந்தச் சட்டம் போய்ச் சேரவில்லை. ராஜபாளையம் காட்டுப்பன்றி வேட்டைக்கும் காவலுக்கும் வளர்ந்தது. 2005ல் இந்தியத் தபால்துறை நாய்களுக்கு வெளியிட்ட நான்கு தபால்தலைகளில் ஒன்றில் அது இருக்கிறது. தேனிப் பக்கத்துக் கோம்பையும் வேட்டை, காவல் என்று இரண்டுக்கும் பேர் போனது. இந்த நாய்கள் எதையும் கோழியோடு வளர்க்கவே முடியாது என்று சொல்ல வரவில்லை. கிராமங்களில் எத்தனையோ வீடுகளில் சிப்பிப்பாறை திண்ணையோரம் படுத்திருக்க, கோழி அதைச் சுற்றிக் கிளறிக்கொண்டுதான் இருக்கிறது. ஆனால் அந்த நாய் கோழிக்கு நடுவே பிறந்து வளர்ந்ததாக இருக்கும். இரண்டு வயதில் வாங்கிவந்த சிப்பிப்பாறையிடம் அதே நடத்தையை எதிர்பார்க்க முடியாது.

சாதாரண நாட்டு நாய், அதாவது தெருவில் இருந்து எடுத்து வளர்க்கிற நாய், இந்த விஷயத்தில் எப்படி என்று கேட்பார்கள். ஒரு பொது விதி கிடையாது. மனிதன் எதற்காகவும் தேர்ந்தெடுக்காத நாய் என்பதால் வரிசையில் எதுவும் உச்சத்திலும் இல்லை, எதுவும் அடங்கியும் இல்லை. அதன் வளர்ப்பைப் பொறுத்துதான் எல்லாம்.

அதோடு எண்ணிக்கை. தனியாக இருந்தால் பரம சாதுவாக இருக்கிற இரண்டு நாய்கள், சேர்ந்துவிட்டால் வேறு ஆளாகிவிடும். ஒன்று துள்ளினால் இன்னொன்று கிளம்பும். ஊரில் பெரிய அளவில் கோழி சாவது பெரும்பாலும் இப்படிச் சேர்ந்து திரியும் நாய்களால்தான்.

மூன்றாவது வாரம் முதல் பன்னிரண்டாவது வாரம் வரை

நாய்க்குட்டிக்குக் கண் திறந்து காது கேட்க ஆரம்பித்ததிலிருந்து, ஏறக்குறைய மூன்றாவது வாரம் முதல் பன்னிரண்டாவது வாரம் வரை, உலகத்தில் யாரெல்லாம் தன் கூட்டம் என்று அது முடிவு செய்கிற காலம். அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் ஜாக்சன் ஆய்வுக்கூடத்தில் ஜான் பால் ஸ்காட்டும் ஜான் ஃபுல்லரும் பல வருடம் நாய்க்குட்டிகளை வளர்த்துப் பார்த்து, 1965ல் இதை விரிவாக எழுதினார்கள். இந்தக் காலத்தில் பழகிய மனிதர், பூனை, ஆடு, கோழி எல்லாம் அதற்கு வீட்டில் இருக்கிற ஆள். பழகாதது எல்லாம் அந்நியம், அந்நியம் ஓடினால் துரத்தத்தான் தோன்றும்.

ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கம் வயலில் கிடை போட்டுக்கொண்டு ஊர் ஊராகப் போகிற கீதாரிகளைப் பார்த்திருப்பீர்கள். அவர்களுடைய நாய் ஆட்டுக்கு நடுவே பிறந்து, ஆட்டுக்குட்டியோடு உருண்டு வளர்ந்தது. அதற்கு யாரும் பயிற்சி கொடுப்பதில்லை. வளர்ந்த இடமே பயிற்சி. உலகம் முழுக்க ஆட்டுக்காவல் நாய்களை உருவாக்குகிற முறையும் இதுதான்: வேட்டை வரிசை மந்தமாக இருக்கிற இனத்தில் குட்டியை எடுத்து, அந்த வாரங்களிலேயே பட்டிக்குள் விட்டுவிடுவது. இதற்குக் கோழி சம்பந்தமாகவே ஓர் அழகான உதாரணம் ஆஸ்திரேலியாவில் இருக்கிறது. விக்டோரியா மாநிலத்தில் வார்னம்பூல் என்ற ஊர்க் கரையோரம் மிடில் ஐலண்ட் என்று ஒரு குட்டித்தீவு. கடல் வற்றும்போது நரிகள் நடந்தே போய் அங்கிருந்த சின்னப் பென்குயின்களைத் தின்று தீர்த்ததில், நூற்றுக்கணக்கில் இருந்தவை 2005 வாக்கில் பத்துக்கும் குறைவாகிவிட்டன. ஸ்வாம்பி மார்ஷ் என்று எல்லோரும் கூப்பிடுகிற உள்ளூர்க் கோழிப்பண்ணைக்காரர் ஒருவர், மேய்ச்சலுக்கு விட்ட தன் கோழிகளை நரியிடமிருந்து காக்க இத்தாலிய மரெம்மா நாய்களை வைத்திருந்தார். கோழியைக் காக்கிற நாய் பென்குயினைக் காக்காதா என்று அவர் சொன்ன யோசனையை ஏற்று, 2006ல் அவருடைய நாயைத் தீவில் விட்டார்கள். பென்குயின்கள் திரும்ப பெருகின.

இதைப் படித்துவிட்டு உடனே மரெம்மா தேடிப் போக வேண்டாம். உடம்பெல்லாம் அடர்ந்த முடியுள்ள நாய், நம் வெயிலில் அதை வைத்திருப்பது வதை. விஷயம் இனத்தில் பாதி, அந்த வாரங்களில் பாதி. இரண்டாவது பாதி நம் கையில் இருக்கிறது.

இப்போது எதிர்வீட்டுக் கோழிக்கு வரலாம். மணி குட்டியாக இருந்தபோது பார்த்தது நம் வீட்டுக் கோழிகளை. அவற்றின் வாசனை, சத்தம், நடை எல்லாம் பழக்கம். அவையும் மணியைப் பார்த்து ஓடுவதில்லை. எதிர்வீட்டுக் கோழிக்கு மணி அந்நியம், அது நாயைப் பார்த்ததும் சிறகடித்துக் கத்திக்கொண்டு ஓடுகிறது. பழகாத ஒன்று, அதுவும் ஓடுகிறது. வரிசை தொடங்க இது போதும். நாய் நல்லது கெட்டது பார்த்துப் பிரிக்கவில்லை, ஒரு கோழி அதன் கண்ணில் வீட்டு ஆளாகவும் இன்னொன்று ஓடுகிற பொருளாகவும் தெரிகிறது, அவ்வளவுதான்.

கோழி பக்கத்துக் கதை

நாயையே பேசிக்கொண்டிருந்தால் போதாது, கோழி செய்கிற காரியமும் இதில் சம அளவு இருக்கிறது. கோழிக்குக் கண் தலையின் இரண்டு பக்கமும் இருப்பதால் பின்னால் வருவதுகூட ஓரளவுக்குத் தெரியும். ஆபத்து வந்தால் இரண்டு விதமாகக் கத்தும். மேலே பருந்தோ வல்லூறோ தெரிந்தால் மெல்லிய, நீண்ட ஒரு குரல், உடனே எல்லாம் செடிக்கடியில் ஒடுங்கிவிடும். தரையில் நாய், கீரி என்று வந்தால் உரக்க, விட்டு விட்டுக் கொக்கரிக்கும். இந்த இரண்டாவது கொக்கரிப்பும் படபடவென்ற சிறகடிப்பும்தான் நாயை இன்னும் ஏற்றிவிடுவது.

மண் குளியலைக் கவனித்திருக்கிறீர்களா? மத்தியானம் வேப்பமரத்தடியில் புழுதியில் குழி பறித்து, ஒருபக்கமாகச் சாய்ந்து, ஒரு காலை நீட்டி, சிறகை விரித்து உதறி, கண்ணைப் பாதி மூடிக்கொண்டு துடிக்கிற மாதிரி கிடக்கும். பேன் போக்க அது செய்கிற குளியல். கோழியை அதுவரை பார்த்திராத நாய்க்கு அது அடிபட்டுத் துடிக்கிற பறவை. பல நாட்கள் ஒழுங்காக இருந்த நாய் திடீரென்று பாய்ந்துவிட்டது என்கிறவர்கள், அந்தக் கோழி அப்போது என்ன செய்துகொண்டிருந்தது என்று யோசித்துப் பார்க்கலாம். அந்தி சாயும் நேரம் இன்னொரு சிக்கல். நாட்டுக் கோழி முருங்கை மரத்துக்கோ கூரைக்கோ ஏறுவதற்கு நாலு தடவை படபடத்துத்தான் ஏறும், சமயத்தில் வழுக்கிக் கீழேயும் விழும்.

கோழியின் ரகமும் முக்கியம். பெருவிடைச் சேவல் லேசில் ஓடாது, நின்று கழுத்து முடியைச் சிலிர்த்துக்கொண்டு எதிர்க்கும். நிற்கிற பறவையைத் துரத்த முடியாது, நாய் குழம்பி நின்றுவிடும். சிறுவிடை லேசான உடம்பு, படக்கென்று பறந்து தப்பிக்கும், ஆனால் அந்தப் பறத்தலே நாய்க்கு அழைப்பு. குஞ்சோடு இருக்கிற தாய்க்கோழி தனி ரகம். அது உடம்பைப் பந்தாக உப்பிக்கொண்டு பாய்ந்து மூக்கில் ஒரு கொத்து கொத்தினால், மூன்று மாதக் குட்டிக்கு ஆயுளுக்கும் மறக்காது. குட்டி நாய்க்குக் கோழி மரியாதையைக் கற்றுத்தர அதைவிட நல்ல வாத்தியார் கிடையாது என்பது என் எண்ணம். ஆனால் வளர்ந்த நாயிடம் இந்த வீரம் செல்லாது. பஞ்சு மாதிரி குறுக்கும் நெடுக்கும் ஓடுகிற குஞ்சுகள் எந்த நாய்க்கும் கடைசிப் பரீட்சை. பெரிய கோழியோடு வருடக்கணக்கில் ஒழுங்காக இருந்த நாயைக்கூடக் குஞ்சோடு தனியாக விடாதீர்கள்.

பாய்வதற்கு முன் என்ன தெரியும்

நாய் பாய்ந்த பிறகு நம்மால் எதுவும் செய்ய முடியாது. பாய்வதற்கு முந்தின இரண்டு மூன்று நொடியில்தான் வேலை இருக்கிறது. அதுவரை நாக்கைத் தொங்கப்போட்டு மூச்சு வாங்கிக்கொண்டிருந்த வாய் மூடிக்கொள்ளும். காது முன்னால் வரும். கண் கோழியை விட்டு நகராது, இமைக்கிறதா என்றே சந்தேகமாக இருக்கும். முன்னங்கால் ஒன்று லேசாக மேலே தூக்கி அந்தரத்தில் நிற்கும். உடம்பின் எடை முன்பக்கம் சாயும். வால் அசையாமல் நிற்கலாம், அல்லது விறைப்பாக மட்டும் ஆடலாம். வாலாட்டினால் சந்தோஷம் என்று பொத்தாம்பொதுவாக எடுத்துக்கொண்டு ஏமாறுவது இங்கேதான். இந்த நிலையில் பேரைச் சொல்லிக் கூப்பிட்டால் காதைக்கூட அசைக்காது என்றால், வரிசையின் இரண்டாம் துண்டில் அது ஏற்கனவே நிற்கிறது என்று அர்த்தம்.

இதற்கு எதிரான அடையாளங்களும் தெளிவானவை. கோழியை ஒருமுறை பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொள்ளும், தரையை முகரும், கொட்டாவி விடும், போய்ப் படுத்துக்கொள்ளும். நமக்கு வேண்டியது இந்த அலட்சியம்தான். நாய் கோழியைக் கொஞ்ச வேண்டாம், சட்டை செய்யாமல் இருந்தால் போதும்.

பழக்குவது எப்படி

இதற்கு நம் வீடுகளிலேயே ஒரு அருமையான சாமான் இருக்கிறது: பஞ்சாரம். மூங்கிலில் பின்னிய அந்தக் கூடையைக் கவிழ்த்து, இரண்டு மூன்று கோழியை உள்ளே விட்டு, மேலே ஒரு கல்லை வையுங்கள். கோழி தெரியும், அதன் சத்தம் கேட்கும், வாசனை வரும், ஆனால் ஓட முடியாது. ஓட முடியாததால் நாயை ஏற்றிவிடுகிற பெரிய தூண்டுதல் அங்கே இல்லை. நாயைச் சங்கிலியிலோ கயிற்றிலோ பிடித்துக்கொண்டு, எட்டத்தில் நில்லுங்கள். எவ்வளவு எட்டம் என்றால், கோழியைப் பார்த்த பிறகும் நீங்கள் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கிற எட்டம். சில நாய்க்குப் பத்தடி போதும், சிலதுக்கு வாசலைத் தாண்டித் தெருவுக்கே போக வேண்டியிருக்கும். அது கோழியைப் பார்க்கும்போது பேசாமல் இருங்கள், தலையைத் திருப்பி உங்களைப் பார்த்த நொடியில் ஒரு துண்டு வேகவைத்த ஈரலோ பிஸ்கட்டோ கொடுங்கள். கோழி ஈரலாகவே இருந்தாலும் பரவாயில்லை, நாய்க்கு அந்த முரண் புரியாது. ஐந்து நிமிடம் போதும், நாய் சலித்து உட்காருகிற நேரத்தில் முடித்துக்கொள்ளுங்கள். தினமும் கொஞ்சம் கொஞ்சமாக நெருங்குங்கள். நெருங்கும்போது உற்றுப் பார்த்து விறைத்தால் திட்ட வேண்டாம், நாலு அடி பின்னால் போனால் போதும்.

பஞ்சாரத்துப் பக்கத்திலேயே நாய் படுத்துத் தூங்க ஆரம்பித்த பிறகுதான் அடுத்த கட்டம். கோழியைத் திறந்துவிட்டு நாயைக் கயிற்றில் வைத்திருப்பது. இங்கேதான் அவசரப்படுகிறார்கள். கோழி நடப்பதும் ஓடுவதும் பறப்பதும் நாய்க்கு மூன்று தனித்தனிப் பாடம், நடக்கிற கோழியை விட்டுவிட்ட நாய் ஓடுகிற கோழியையும் விட்டுவிடும் என்று உறுதி இல்லை. இரை போடுகிற நேரத்தில் கோழிகள் எல்லாத் திசையிலிருந்தும் ஓடி வருமே, அந்த நேரத்தில் நாய் கயிற்றிலேயே இருக்கட்டும். "விடு" என்று ஒரு சொல்லைக் கோழியே இல்லாத இடத்தில், ஒரு ரொட்டித் துண்டை வைத்து முதலில் பழக்கிவிடுங்கள். கோழிக்கு நேராக நின்று முதல்முறை அந்தச் சொல்லைச் சொல்லிப் பயனில்லை.

குட்டி நாய் என்றால் எல்லாம் சுலபம் என்று நினைக்க வேண்டாம். இரண்டு மாதக் குட்டி கோழியோடு படுத்துத் தூங்குகிற படம் எல்லோர் போனிலும் இருக்கும். ஆறு மாதத்தில் அதே குட்டிக்கு உடம்பு வளர்ந்திருக்கும், நிதானம் வளர்ந்திருக்காது. ஆறு மாதம் முதல் இரண்டு வயது வரையிலான இளவட்டக் காலத்தில்தான் விளையாட்டாகப் பிடித்துச் சாகடிப்பது அதிகம். காவல் இன நாய்களுக்குக்கூட இது உண்டு. அந்த வயது தாண்டும் வரை ஆள் இல்லாத நேரத்தில் ஒன்று கட்டிப்போட வேண்டும், இல்லை கோழியை அடைக்க வேண்டும்.

ஊர் வைத்தியங்கள்

நாய்க்குக் கோழிக்கறி போட்டால் ருசி கண்டு உயிர்க்கோழியைப் பிடிக்கும் என்பார்கள். தட்டில் இருக்கிற கறியும் முற்றத்தில் ஓடுகிற கோழியும் நாய்க்கு வேறு வேறு, கறி போடுவதால் வேட்டை வராது. ஆனால் ஒருமுறை துரத்திப் பிடித்துவிட்டால் அது மறுபடி செய்யும் என்பது உண்மை. காரணம் ரத்த ருசி இல்லை, அந்த ஓட்டத்தின் சுகம். செத்த கோழியை நாயின் கழுத்தில் கட்டிவிட்டால் திருந்தும் என்பது இன்னொன்று. அழுகுகிற வரை நாற்றத்தோடு சுற்றுகிற நாய்க்கு, அதை நேற்றுத் துரத்தியதோடு முடிச்சுப்போடத் தெரியாது. அடிப்பதும் அப்படியே. நாய் ஒரு செயலையும் அதன் விளைவையும் நொடிக்கணக்கில்தான் இணைக்கும். செத்த கோழி பக்கத்தில் நிற்கும்போது நீங்கள் வந்து அடித்தால், நீங்கள் வந்தால் அடி விழும் என்று கற்றுக்கொள்ளும். அடுத்த முறை நீங்கள் இல்லாதபோது செய்யும்.

பழகவே பழகாத நாயும் உண்டு. வளர்ந்து வந்து சேர்ந்த நாய், ஏற்கனவே நாலைந்து கோழியைப் பிடித்த நாய், உங்கள் குரலுக்குக் கட்டுப்படாமல் கயிற்றை இழுத்துக்கொண்டு நிற்கிற நாய் என்றால் அதோடு மல்லுக்கட்ட வேண்டாம், வேலி போடுங்கள். கடையில் விற்கிற மெல்லிய அறுகோணக் கோழிவலை, கோழியை உள்ளே வைக்கத்தான். நாயை வெளியே வைக்க முடியாது, பல்லால் பிய்த்துவிடும். வெல்டு மெஷ், அதாவது பற்றவைத்த கெட்டிக் கம்பிவலை, செலவு கூட, ஆனால் ஒருமுறை போட்டால் போட்டதுதான். அடியில் ஒரு அடி ஆழம் புதைக்கலாம், பாறை நிலமென்றால் வலையை வெளிப்பக்கமாகத் தரையில் ஓரடி மடக்கிப் பரப்பி மேலே கல் அடுக்கலாம். தோண்டுகிற நாய் வேலியை ஒட்டித்தான் தோண்டும், வலை தட்டுப்பட்டதும் விட்டுவிடும். வேலியில் ஓரிடத்தில் கோழி மட்டும் நுழைகிற அளவுக்குச் சின்ன வழி வைத்தால் வெளியே மேய்கிற கோழி ஓடிவந்து ஒளிய இடம் இருக்கும்.

சேர்ந்திருந்தால் வரும் லாபமும் தொல்லையும்

இவ்வளவு பாடுபட்டு எதற்கு என்று கேட்டால், பழகிய நாய் இருக்கிற வீட்டில் கீரி பகலில் துணிந்து வராது, மரநாய் இரவில் யோசிக்கும், காட்டுப்பூனை வேறு வீடு பார்க்கும். நாய் கடிக்கவே வேண்டாம், குரைத்தால் போதும், அதன் மூத்திர வாசனை வேலியோரம் இருந்தாலே போதும். பருந்துக்கும் காக்கைக்கும் இது செல்லாது, அதற்குப் பந்தலோ புதரோதான் வேண்டும்.

தொல்லையில் முதலாவது தீவனம். கம்பெனித் தீவனம் சிலவற்றில் ரத்தக்கழிச்சலைத் தடுக்க மொனென்சின், சாலினோமைசின் போன்ற மருந்துகள் கலந்திருக்கும். கோழிக்கு ஒத்துக்கொள்கிற இந்த மருந்து நாய்க்கு விஷம், அளவு மீறினால் தசை பாதித்துக் கால் துவண்டுவிடும். மூட்டையை நாய்க்கு எட்டாமல் வையுங்கள். கோழி எச்சத்தை நாய் தின்பதைத் தடுப்பது கஷ்டம், அதில் சால்மோனெல்லா போன்ற கிருமிகள் இருக்கலாம், நாய்க்கு ஒன்றும் ஆகாவிட்டாலும் அது குழந்தையின் முகத்தை நக்கும்போது பிரச்சினை. ரத்தக்கழிச்சல் கோழியிடமிருந்து நாய்க்கு வராது. ஆனால் கோழியின் கொண்டையிலும் கண்ணோரத்திலும் கருப்புக் கருப்பாகக் கூட்டமாக ஒட்டிக்கொள்கிற தெள்ளு நாயின் காதுக்கும் வரும்.

தெள்ளைப் பார்த்ததும் பலர் செய்கிற காரியம், நாய்க்கு வாங்கிய உண்ணி மருந்து வீட்டில் இருக்கிறதே என்று கோழிக்கும் அடித்துவிடுவது. அதில் ஃபிப்ரோனில் என்ற பூச்சிமருந்து இருந்தால் அது முட்டையில் இறங்கும். 2017ல் நெதர்லாந்திலும் பெல்ஜியத்திலும் கோழிப்பண்ணைச் செள்ளுக்கு அடித்த மருந்தில் இது கலந்திருந்ததால் ஐரோப்பா முழுக்கக் கோடிக்கணக்கில் முட்டைகளைத் திரும்பப் பெற வேண்டிவந்தது. கோழிக்கு என்ன அடிப்பது என்று கால்நடை மருத்துவரிடம் கேட்டு வாங்குங்கள்.

கடைசியாக, நாய் வாயிலிருந்து கோழியை மீட்டுவிட்டால் என்ன செய்வது. காயம் தெரியவில்லை என்று விட்டுவிடுகிறவர்கள்தான் அதிகம். நாய்ப்பல் குத்திய இடம் இறகுக்கடியில் ஒரு சின்னப் புள்ளியாகத்தான் இருக்கும், மேல்தோல் நன்றாக இருந்தாலும் உள்ளே நசுங்கியிருக்கும். இறகை விலக்கி விலக்கி முதுகு, சிறகு அடி, வால் பக்கம் எல்லாம் பாருங்கள். உப்புத்தண்ணீரில் கழுவி, அட்டைப்பெட்டியில் துணி விரித்து, இருட்டான, சத்தமில்லாத இடத்தில் வையுங்கள். வாயைப் பிளந்து தண்ணீர் ஊற்றாதீர்கள், புரையேறிவிடும், கிண்ணத்தில் வைத்தால் தெளிந்ததும் தானே குடிக்கும். மற்றக் கோழிகளோடு அன்றைக்கே விட்டால் ரத்தம் தெரிகிற இடத்தில் கொத்தும். நாயின் எச்சில் கிருமி வேலையைக் காட்ட ஓரிரு நாள் ஆகும், முதல் நாள் நடமாடிய கோழி மூன்றாம் நாள் குறாவிப் படுப்பது அதனால்தான், ஆகவே குத்துக்காயம் ஒன்று கண்ணில் பட்டாலே அன்றைக்கே கால்நடை மருந்தகத்துக்குக் கொண்டுபோய்விடுங்கள்.